மாதத்தாளில் போட்ட வட்டங்கள்

சிவகாசியில் நாங்கள் பாதி ஆண்டை அடுத்த ஆண்டிலேயே கழித்துவிடுகிறோம். ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். அதற்குப் பின் மார்கழி வரை, இன்னும் பிறக்காத ஆண்டின் அமாவாசையையும் முகூர்த்த நாட்களையும் ராகுகாலத்தையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பதே அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் என் வேலை. அப்படியோர் ஆடிக் கடைசியில், என் 46-ஆம் வயதில், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 என்றும், மூன்று மாதச் சராசரி என்று எல்லோரும் சொல்லும் எச்பிஏ1சி 6.3 என்றும் வந்தது. பின்னதில் 5.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. நான் இரண்டுக்கும் நடுவில், மேல் விளிம்பை ஒட்டி நின்றேன்.

மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்துகொண்டு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். ஒரு மாதத்திலேயே வந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வந்தால் பழைய ரத்தமும் கலந்துதான் பதில் சொல்லும் என்றார். ரத்தச் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது; அந்த நாட்களில் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியதோ அதற்கேற்ப அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியது அந்த அணு அழியும்வரை பெரும்பாலும் போவதில்லை. ஆகவே இன்று நான் இனிப்பை ஒதுக்கினாலும், நேற்றுவரை தின்ற பால்கோவாவுக்குச் சாட்சியாக ஒரு கூட்டம் உடம்புக்குள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். வேலையில் வராத நாளைத் திருத்திக்கொண்டிருந்த எனக்கு, போன நாளைத் திருத்த முடியாத இந்தக் கணக்கு சற்றுக் கசப்பாகவே இருந்தது.

முதல் வாரம் எல்லாவற்றையும் ஒன்றாகத் தலைமேல் போட்டுக்கொண்டேன். சீனி இல்லாத டீ, விடியற்காலை நடை, இரவில் இரண்டே சப்பாத்தி. ஒன்பதாம் நாள், சனிக்கிழமை இரவு, விருதுநகர் சென்ற இடத்தில் நான்கு எண்ணெய்ப் பரோட்டாவோடு அந்த விரதம் முடிந்தது. அதைத் தோல்வி என்று இப்போது நான் கருதுவதில்லை. என் வாழ்க்கையில் எந்த இடத்தில் என்னென்ன நுழையாது என்பதை அந்த ஒன்பது நாட்களே காட்டின. மெய்ப்பு வேலை இரவு நீளும்போது விடியற்காலையில் எழுவது நடக்காத காரியம். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில்வரை இரண்டு முறை போய்வருவது முடிந்தது. மொத்தம் 20 நிமிடம். அந்த நேரத்தில்தான் முன்பெல்லாம் சாத்தூர் காராச்சேவு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்பதால், நடை வந்ததும் டப்பா தானாகவே பின்னுக்குப் போனது.

டீதான் பெரும்பாடு. ஒரு நாளைக்கு ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. கூட்டிப் பார்த்தால் தினமும் 40 கிராமுக்கு மேல் அதிலேயே போயிருக்கிறது. டீ கொண்டுவரும் பையனிடம் ஒன்றரைக் கரண்டி போதும் என்று சொன்னேன். இரண்டு வாரம் கழித்து ஒன்று, பிறகு அரை. "அண்ணாச்சி, அடுத்த மாசம் வெந்நிதானா?" என்று கேட்டுவிட்டு அவன் அடுத்த மேசைக்குப் போய்விடுவான்.

ஐந்து வாரம் எதுவுமே தெரியவில்லை. எடை 78.4, 78.1, மறுபடி 78.6. வீட்டில் விரலைக் குத்திப் பார்த்தால் ஒரு நாள் 112, மறுநாள் 121. தூக்கம் குறைந்தாலும் கூடும், முந்தைய இரவு தாமதமாகச் சாப்பிட்டாலும் கூடும். எண்ணைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்துப்போகவே, தொடக்கத்திலேயே குத்திப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நடந்த நாட்களை மட்டும் குறிக்கலானேன். பிழை கண்டு ஒதுக்கிய மாதத்தாள்களுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. அதில் ஒன்றை எடுத்துத் தேதிகளைக் கையால் மாற்றி எழுதி, நடந்த நாளில் சிவப்பு மையால் வட்டமிட்டேன். முதல் மாதம் 13 வட்டம், இரண்டாம் மாதம் 21.

ஏழாவது வாரம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு முன் காபி கொடுத்தார்கள். ஒரு மிடறு குடித்துவிட்டு, யாரோ தவறுதலாகச் சீனியை இருமுறை போட்டுவிட்டார்கள் என்று எண்ணி, பக்கத்தில் இருந்த மைத்துனரிடம் டம்ளரைக் காட்டினேன். அவர் தம் காபியைக் குடித்துப் பார்த்து, சரியாகத்தானே இருக்கிறது என்றார். அன்றைக்கும் எடைக்கருவி 78-க்குக் கீழே இறங்கியிருக்கவில்லை. நாக்கு மட்டும் எனக்குத் தெரியாமலே மாறியிருந்தது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு பார்த்து, ஒரு புதிய செயல் பழக்கமாகப் படிவதற்கு நடுமதிப்பாக 66 நாட்கள் ஆகின்றன என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள்வரை வேறுபடும் என்றும் 2009-இல் எழுதியிருக்கிறார்கள். 21 நாளில் எதையும் மாற்றலாம் என்று சொல்பவர்களைவிட இவர்களை நம்புவது எனக்கு எளிதாக இருக்கிறது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகமில்லை என்று அவர்கள் கண்டதும், மழைக்கால இரவுகளில் எனக்கு உதவியது.

மூன்று மாதம் முடிந்து கார்த்திகையில் முடிவு வந்தது. எச்பிஏ1சி 5.9, வெறும் வயிற்றுச் சர்க்கரை 104, எடை 75.9. ஆபத்து எல்லையை விட்டு இன்னும் வெளியேறவில்லை. மாத்திரை தேவையில்லை என்ற மருத்துவர், இந்தியாவில் என்னைப் போன்ற விளிம்புநிலையில் இருந்தவர்களிடம் நடத்தி 2006-இல் வெளியான ஓர் ஆய்வையும் சொன்னார்: எதையும் மாற்றாதவர்களில் சுமார் மூன்று ஆண்டுகளுக்குள் 100-க்கு 55 பேருக்கும், உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்கும் நீரிழிவு வந்திருக்கிறது. அந்த 39-ஐ அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து மாதத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் மாதத்தில் வட்டங்கள் கூடியிருக்கும் என்று நினைத்தால், 17-தான் இருந்தன. "ரெண்டே நாள்தாங்க நீங்க போகலை, அடைமழை பெய்ஞ்ச ரெண்டு நாள்" என்று என் மனைவி அடித்துச் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி. நடந்துவிட்டு வந்து, கை கால் கழுவிப் படுத்திருக்கிறேன். வட்டம் போட நினைவே வரவில்லை. பிழை பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவன் தன் பதிவில் 11 நாட்களைக் கோட்டைவிட்டிருக்கிறான்.

அடுத்த பரிசோதனை பிப்ரவரியில். மறுநாள் என் மேசையில் புதிய ஆண்டின் பிப்ரவரித் தாள் கடைசி மெய்ப்புக்கு வந்திருந்தது. முகூர்த்த நாட்களைச் சரிபார்த்து, பிரதோஷத்தைச் சரிபார்த்து, கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டு, டீ கொண்டுவந்த பையனிடமிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டேன். சீனியைப் பற்றி இருவரும் பேசவில்லை.