தம்புவின் மக்காச்சோளம்

ஜிம்பாப்வே எழுத்தாளர் டிசிட்சி டங்கரெம்பாவின் 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' நாவலைப் போன வாரம் மூன்றாவது முறையாகப் படித்தேன். முதலில் வாங்கிய பிரதியை இரவல் கொடுத்தேன், திரும்பி வரவில்லை. இது இரண்டாவது.

அண்ணன் செத்ததில் தனக்கு வருத்தமில்லை என்றுதான் கதை சொல்லும் பெண் தம்பு ஆரம்பிக்கிறாள். முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபது பக்கம் தாண்டியதும் அவள் கட்சிக்குப் போய்விட்டேன். அறுபதுகளின் ரொடீஷியா, அதாவது இன்றைய ஜிம்பாப்வே. வீட்டில் காசில்லை, அதனால் அண்ணன் நாமோ மட்டும் பள்ளிக்கூடம் போகிறான். தன் பள்ளிக் கட்டணத்துக்காகத் தம்பு விதை கேட்டு வாங்கி, தானே கொத்தி, களையெடுத்து மக்காச்சோளம் வளர்க்கிறாள். விளைந்ததும் கதிர்கள் காணாமல் போகின்றன. திருடி, மற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்தவன் அண்ணனேதான்! விஷயம் தெரிந்ததும் அவன்மேல் பாய்ந்து அடிக்கிறாள்.

மிச்சக் கதிர்களை விற்கப் பள்ளி ஆசிரியர் அவளை உம்தாலி நகரத்துக்கு அழைத்துப் போகிறார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பத்து பவுண்டு கொடுக்கிறாள். அடுத்து அப்பா வருகிறார், மகள் பணம் என்றால் தன் பணம்தானே என்று. பணத்தைப் பள்ளியில் கட்டிய ரசீதை எடுத்துக் காட்டுகிறார்கள். அதில் இருப்பது தம்புவின் பெயர். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் நெஞ்சும் அடைக்கும்.

டங்கரெம்பா 1959இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படிக்கப் போய், முடிக்காமலே ஊர் திரும்பினார். நாவல் 1988இல் லண்டனில்தான் வெளிவந்தது. அப்புறம் பெர்லினில் சினிமா படித்தார். தம்புவின் கதை தொடர 2006 ஆகிவிட்டது, மூன்றாம் பாகம் வந்தது 2018இல். அந்த மூன்றாவதில் தம்புவை 'நீ' என்றே சொல்லிக்கொண்டு போகிறார். எனக்கு அது பழகவே ஐம்பது பக்கம் ஆனது. சரி, பிடிவாதமாகப் படித்தேன், வீண்போகவில்லை.

2020 ஜூலையில் அந்த நாவல் புக்கர் இலக்கியப் பரிசின் நெடும்பட்டியலில் வந்தது. அதே வாரம், 31ஆம் தேதி, ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயின் தெருவில் தோழி ஒருவருடன் அட்டை பிடித்து நின்றார். நிறுவனங்களைச் சீர்திருத்துங்கள், இதைவிட நல்லது வேண்டும் என்பதுதான் அட்டையில் இருந்தது. போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு: 70,000 ஜிம்பாப்வே டாலர் அபராதம், நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதச் சிறை. 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு அட்டைக்கு மூன்று வருடம்.

இந்தப் பிரதியைக் கேட்டும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இரவல் கிடையாது.