கோத்தகிரியில் ஒரு பக்கம் மலையை வெட்டுகிறார்கள், ஒரு பக்கம் மறிக்கிறார்கள்

நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ரிசார்ட்டுக்காக மலையை வெட்டுவதையும், வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துவிட்டு வந்தேன், அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். குறைந்த செலவில் கோத்தகிரி போய்வருவது எப்படி என்று எழுதச் சொல்லிப் பல பேர் கேட்டிருந்தீர்கள். அதுவும் வரும், ஆனால் வரிசையாக வராது.

நீலகிரி எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் கடைசி நிமிடம் வரை நகரவில்லை. வேறு வழியில்லாமல் ஆம்னி பஸ். சென்னை மடிப்பாக்கத்திலிருந்து கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு போக ஆட்டோக்காரர் கேட்ட காசில் பாதி கோயம்புத்தூர் போயிருக்கலாம். பஸ்ஸில் என் சீட் சாயவே இல்லை, தோழியின் சீட் நிமிரவே இல்லை, மேலே ஏசியிலிருந்து இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தலையில் தண்ணீர். கிளீனரிடம் சொன்னால் ஒரு துண்டுச் செய்தித்தாளை அந்த ஓட்டையில் செருகிவிட்டுப் போகிறார். இதற்கு 1,300 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனியும் இதே லட்சணம்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்து ஏறியதும் அத்தனை எரிச்சலும் போய்விட்டது. ஜன்னல் ஓரம், சில்லென்று காற்று, வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கும் டிரைவர். ஊட்டிக்குப் போகிற கூட்டம் குன்னூர் வழியே போய்விடுவதால் இந்த ரோட்டில் நெரிசல் குறைவு. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் (மலைக்கு வண்டியில் வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) தொல்லையும் இல்லை. சொந்தக் காரில் போனால் கண்டிப்பாக எடுக்க வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் நடைமுறை.

கோடநாடு காட்சிமுனைக்கு டாக்சி. போகவர 1,800 என்றார், பேசிப் பேசி 1,400க்கு இறக்கினேன், கடைசியில் 'வெயிட்டிங்' என்று 200 தீட்டிவிட்டார். பாதி வழியில் ஒரு வளைவில் முப்பது நாற்பது பேர் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் என்று நினைத்தேன். பார்த்தால் ஃபிளெக்ஸ் கட்டி, பெஞ்சு போட்டு, ரிசார்ட் வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே தகர ஷீட் அடித்த வேலி. அதன் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தேன். தேயிலைச் செடிகளைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள், சரிவை மூன்று படியாக வெட்டிச் செம்மண் சுவர் நின்றது, அந்தச் சுவரின் நடுவே ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் கசிந்து கொண்டிருந்தது. அதுதான் அவர்கள் ஊருக்கு வருகிற ஊற்றாம்.

வெள்ளை முண்டு கட்டி, தலையில் வெள்ளைத் துணி சுற்றிய படுகர் (நீலகிரி மலைவாழ் மக்கள்) பாட்டி ஒருவர் எங்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். "மெட்ராஸா? ரூம் புக் பண்ண வந்தீங்களாம்மா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனாலும் சுருக்கென்றது.

பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் விவரமாகப் பேசினார். மலைப் பகுதியில் இடத்தைப் பிரித்து மனை போடவோ பெரிதாகக் கட்டவோ, 1990இல் அமைத்த மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தைத் தாண்டிப் போக முடியாது. 1993 கட்டட விதிகள்படி உயரம் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஜேசிபி இறக்கவே கலெக்டர் அனுமதி வேண்டும். அவருடைய வயிற்றெரிச்சல் என்னவென்றால், "என் மகன் ரெண்டு ரூம் வீடு கட்ட மூணு வருஷமா அலையறான், இங்க வீடுன்னு பிளான் வாங்கிட்டு காட்டேஜா மாத்திடறாங்க". சட்டம் இளைத்தவன் மேல் மட்டும்தான் ஏறும் என்றால் அது என்ன சட்டம்? கொடைக்கானல் கதையையும் சொன்னார். தொண்ணூறுகளில் விதியைத் தளர்த்தி ஒரு ஓட்டலுக்கு ஏழு மாடி வரை கட்ட அரசு அனுமதி கொடுத்தது, பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சில் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் அந்த அனுமதியை ரத்து செய்ய வைத்தது. "அவங்களால முடிஞ்சுதுல்ல" என்றார்.

மண்சரிவு பயம் வேறு. 2009 நவம்பரில் ஊட்டி பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் பெய்த 49 செ.மீ.க்கே நாம் மொட்டை மாடியில் ஹெலிகாப்டருக்குக் கை காட்டிக்கொண்டு நின்றோம். அதுவும் நாம் இருப்பது சமதளம். சதுப்பு நிலத்தில் வீடு வாங்கிவிட்டு வருடா வருடம் பைக்கைப் பாலத்தில் ஏற்றி நிறுத்துகிற எங்கள் ஏரியாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டாக்சி டிரைவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ரிசார்ட் வந்தாத்தான் எனக்கு சவாரி, பேசறவங்களா எனக்கு டியூ கட்டுவாங்க?" இதே மாவட்டத்து மசினகுடியை உதாரணம் காட்டினார். அங்கே யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளை மூடி சீல் வைக்க உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது, 2020 அக்டோபரில், அந்த இடத்தை யானை வழித்தடமாக அரசு அறிவித்ததே செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஜீப் ஓட்டிப் பிழைத்தவர்கள் திண்டாடியது உண்மைதான், அதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஊற்று போனால் அவர் வீட்டுக்கும்தான் தண்ணீர் லாரி வர வேண்டும். கேட்டேன். கியரை மாற்றிவிட்டுப் பாட்டுப் போட்டுவிட்டார்.

காட்சிமுனை மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. விடுங்கள்.

லாங்வுட் சோலைக்கு அவசியம் போங்கள். கோத்தகிரி டவுனுக்குப் பக்கத்திலேயே 116 ஹெக்டேர் சோலைக்காடு, 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. வெளியே வெயில் அடிக்கும்போது உள்ளே மரப்பாசி ஈரமாக இருக்கிறது, கையை வைத்தால் தண்ணீர் வழிகிறது. சுற்றியிருக்கிற ஊர்களுக்குத் தண்ணீர் இந்தக் காட்டிலிருந்துதான். உள்ளூர்க்காரர்கள் குழு அமைத்துக் காத்த காடு இது, இல்லாவிட்டால் விறகாகவே போயிருக்கும். காட்டு மாடு நடமாட்டம் உண்டு, அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

தங்கினது ஒரு வீட்டு மாடி அறையில், இரவுக்கு 1,200. வெந்நீர் காலையில் மட்டும், ஒரு பக்கெட். மதியம் அந்த வீட்டு அக்கா போட்ட ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் இந்தப் பயணத்திலேயே பெரிய விஷயம். அவரை வாயில் கரைகிறது, மசாலா வாசனை கையை விட்டுப் போகவில்லை, இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், ஆளுக்கு 150தான். கிளம்பும்போது வர்க்கி (மொறுமொறு பிஸ்கட் மாதிரி ஊட்டிப் பலகாரம்) வாங்க நினைத்தால் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்காதீர்கள், பழசைத் தள்ளிவிடுகிறார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு கொண்டுபோகிறார்கள். ஆசிரியரின் நம்பரை வாங்கி வந்திருக்கிறேன். என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டு அடுத்ததில் எழுதுகிறேன், ஆம்னி பஸ்காரர்கள் ரீஃபண்ட் தருகிறார்களா என்பதையும் சேர்த்து.