ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை மாற்றிப் பயனில்லை

பல் மருத்துவராக நான் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான்: "தேய்க்கும்போது கொஞ்சம் ரத்தம் வருது டாக்டர், ஆனா வலி இல்லை." வலி இல்லாததால் பிரஷ்ஷை மாற்றிப் பார்க்கிறார்கள், பேஸ்ட்டை மாற்றிப் பார்க்கிறார்கள். அப்புறம் அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். அங்கே அழுக்கு இன்னும் தடித்து, வீக்கம் கூடிவிடுகிறது.

ஈறு கெடுவதற்கு அதிக நாள் வேண்டாம். 1965-இல் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்த்ததும் சரியாகிவிட்டது. இந்தக் கட்டத்தில் பிடித்தால் முழுதாக மீளலாம். விட்டால் அழுக்கு காரையாக இறுகும், ஈறு பல்லை விட்டு விலகிப் பள்ளமாகும், அடியில் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது. பள்ளத்தின் ஆழம் பார்க்க ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் அளவுக் கம்பி 3 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே இறங்கினால் எனக்குக் கவலை தொடங்கிவிடும்.

அந்தப் பள்ளத்தின் உள்சுவர் ஆறாத புண். அதன் வழியே கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. அழற்சியால் உடம்பில் சுரக்கும் பொருட்கள் இன்சுலின் வேலையைக் கெடுக்கின்றன. சர்க்கரை ஏறினால் புண் ஆறுவதில்லை, புண் ஆறாவிட்டால் சர்க்கரை இறங்குவதில்லை. என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கூடிக்கொண்டே போனது. கீழ் முன்பற்களின் பின்புறம் முழுக்கக் காரை. அதுவரை யாரும் அவரை வாயைத் திறக்கச் சொன்னதே இல்லை. ஆழமாகச் சுத்தம் செய்த பிறகு மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு சற்று இறங்கியது. அதே மாதங்களில் அவர் நடைப்பயிற்சியும் தொடங்கியிருந்தார், அதனால் எல்லாம் ஈறால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் ஈறு சிகிச்சைக்குப் பின் அந்த அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைவது தெரிகிறது. இது சின்ன விஷயமே இல்லை. சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் ஒவ்வொருவரும் "ஈறில் ரத்தம் வருதா?" என்று கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

இதயம் என்று வரும்போது நிதானமாகப் பேசுகிறேன். ஈறு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம்தான். ஆனால் புகையும் சர்க்கரையும் இரண்டுக்குமே காரணமாகின்றன. தொடர்பு உண்டு, ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்பதற்குச் சான்று இல்லை என்றுதான் அமெரிக்க இதய சங்கம் 2012-இல் சொன்னது. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் துறையிலேயே வரலாறு உண்டு. 1910-இல் வில்லியம் ஹன்டர் வாய்க் கிருமிகளைக் குற்றம்சாட்டிப் பேசியபின், பல ஆண்டுகள் மூட்டுவலிக்கும் மனநோய்க்கும்கூட நல்ல பற்களைப் பிடுங்கினார்கள். கர்ப்பிணிகள் விஷயத்திலும் அதே நிதானம்தான்: சுத்தம் செய்வது பாதுகாப்பானது, செய்துகொள்ளலாம். அதனால் குறைப்பிரசவம் தடுக்கப்படும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை.

புகைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்களுக்கு ரத்தம் வராமலே நோய் முற்றலாம், ஏனென்றால் புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். ரத்தம் இல்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஏற்கெனவே எலும்பை இழந்த பல்லைக் காரை பிடித்து வைத்திருக்கும். அது போனதும் இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். வரும்போது கடைசி சர்க்கரை ரிப்போர்ட்டும் மாத்திரைச் சீட்டும் கொண்டு வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் நீங்களாக அதை நிறுத்த வேண்டாம். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகுதான் நாங்கள் கை வைப்போம்.