காசிமேடு மீன் விலைப் பலகை: ரியாக்ட்டா, வியூவா, ஸ்வெல்ட்டா?

ஜூன் 3, 2025

சென்னை காசிமேடு துறைமுகத்தில் மீன் ஏலத்தில் படியும் விலையைப் போனில் ஏற்ற ஒரு திரை, வாங்க வருபவர்கள் பார்க்க ஒரு திரை. வேலை அவ்வளவுதான். மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதி நள்ளிரவோடு முடிகிறது. விசைப்படகுகள் போய்த் திரும்புவதற்குள் பலகை ஓட வேண்டும். இணையத் திரைகளை எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றில் ஆங்குலர் இந்தச் சின்ன வேலைக்குப் பாரம். மிச்சம் ரியாக்ட் 19, வியூ 3, ஸ்வெல்ட் 5. ஏற்றும் திரையை மட்டும் மூன்றிலும் எழுதிப் பார்ப்பதே சரி.

ஜூன் 5

ஒவ்வொன்றும் தரும் வெறும் தொடக்க டெம்ப்ளேட்டை பில்ட் செய்து (வெளியிடும் வடிவுக்கு மாற்றி), ஜிசிப்பில் சுருக்கிய அளவு பார்த்தால், ரியாக்ட் 60 கேபியை ஒட்டி, வியூ 25 கேபியை ஒட்டி, ஸ்வெல்ட் அதற்கும் கீழே. மெதுவான போனைப் போல இருக்க, குரோமில் சிபியு வேகத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்து, 200 வரிகளோடு சோதிக்க வேண்டும். இப்போது நாட்டுப்படகு மீன் மட்டும் வருவதால் பட்டியல் பத்து வரிதான். அதை வைத்து வேகத்தை முடிவு செய்தால் ஏமாறுவோம்.

ஜூன் 8

வியூவில் மட்டும் ஒரு சிக்கல். ஆண்ட்ராய்டு போனில் தேடல் பெட்டியில் ‘வஞ்சி’ வரை அடித்தாலும் பட்டியல் அசையவில்லை. ஸ்பேஸ் தட்டியதும் சட்டென்று சுருங்கியது. காரணம் வி-மாடல், அதாவது பெட்டியில் அடிப்பதை நிரலில் உள்ள மதிப்போடு இணைக்கும் வியூவின் வசதி. கீபோர்டு ஒரு சொல்லைக் கோத்துக்கொண்டிருக்கும்வரை அது மதிப்பை மாற்றாது. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்காக வைத்த ஏற்பாடு, தமிழ்க் கீபோர்டிலும் குறுக்கே வருகிறது. தேடல் பெட்டிக்கு வி-மாடலை எடுத்துவிட்டு, பெட்டியின் வேல்யூவைத் தனியாகக் கட்டி, அடிக்கும்போதெல்லாம் எழும் இன்புட் நிகழ்வில் நாமே மதிப்பை மாற்றினால் எழுத்துக்கு எழுத்து வடிகட்டுகிறது. இரண்டு வரி மாற்றம்தான். ஆனால் ஆங்கிலத்தில் அடித்து லேப்டாப்பில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது.

ஜூன் 9

விலைப் பெட்டியில் ‘1,250’ என்று அடித்தால் 1 ரூபாய் என்று பதிவாகிறது. அடித்ததை எண்ணாக்கும் வி-மாடலின் நம்பர் குறி, உள்ளே ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்ஃபுளோட்டைக் கூப்பிடுகிறது. அது காற்புள்ளியில் நின்றுவிடும். காற்புள்ளியை நீக்கிய பிறகே எண்ணாக்க வேண்டும். வெற்றுப் பெட்டியை முன்பே தடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 0 என்று போய் உட்காரும்.

பட்டியலின் ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் கீ-யாக வரிசை எண்ணைக் கொடுத்தால், மேலே சங்கரா புதிதாக ஏறும்போது பாதி அடித்த நெத்திலி விலை வேறு மீனுக்குத் தாவுகிறது. இது மூன்றிலும் உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் தனி ஐடி கொடுத்ததும் சரியானது.

ஜூன் 11

வியூதான். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் ரியாக்ட் தெரிந்தவர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள், உண்மை. ஆனால் இந்தப் பலகையை நாளை திருத்தப்போகிறவருக்கு எச்டிஎம்எல் மட்டுமே தெரியும். வியூவின் டெம்ப்ளேட்டை அவர் அப்படியே படித்துவிடலாம். ஸ்வெல்ட்டும் அப்படித்தான், ஆனால் 2024 அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பு எழுதும் முறையையே மாற்றிவிட்டது. பழைய முறையில் எழுதிய விளக்கங்கள் இணையத்தில் நிறைய கிடக்கின்றன, புதியவர் குழம்பிவிடுவார்.

ஜூன் 13

லாக் ஃபைலையும் (பயன்படுத்தும் தொகுப்புகளின் பதிப்புகளைக் குறித்து வைக்கும் கோப்பு) கிட்டில் (நிரல் மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) ஏற்றியாச்சு. சர்வரில் தொகுப்புகளை இறக்க ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கட்டளை வேண்டாம், ‘என்பிஎம் சிஐ’ மட்டும். லாக் ஃபைலில் உள்ள பதிப்பைத்தான் அது இறக்கும். விடிகாலை ஏல நேரத்தில் சோதிக்காத புதுப் பதிப்பு எதுவும் உள்ளே நுழையாது.