ஒட்டாவாவில் லாத்வியா வென்ற இரவு

2024 டிசம்பர் இறுதியில் டொரொண்டோவிலிருந்து ரயிலேறி நான் ஒட்டாவா சென்றது, இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியில் லாத்வியா அணி ஆடுவதைப் பார்ப்பதற்காகவே. இருபது லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் அந்தப் பால்டிக் நாடு, இப்பட்டத்தை 20 முறை வென்ற கனடாவை அதன் சொந்த மண்ணிலேயே எதிர்கொள்ளவிருந்தது. முந்தைய ஆண்டு சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் இவ்விரு அணிகளும் மோதியபோது கனடா 10-0 என்று வென்றிருந்தது.

ஆட்டம் நடந்த கனேடியன் டயர் சென்டர், நகரின் மையத்திலிருந்து வெகுதொலைவில், மேற்கே கனாட்டா என்னும் புறநகரில், நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது. பேருந்து முழுவதும் கனடாவின் சிவப்புச் சட்டைகள்தாம். லாத்வியாவின் கருஞ்சிவப்புக் கொடியை ஏந்தியவர்களை அரங்குக்குள் சென்ற பிறகே கண்டேன். எண்ணிக்கையில் சிறியதாக இருந்த அக்கூட்டம் ஆட்டம் முடியும்வரை ஓயாமல் குரல் கொடுத்தது.

டிசம்பர் 27 அன்று நடந்த அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி லாத்வியாவின் கோல் வலைக்கு முன்னால்தான் நிகழ்ந்தது. லாத்விய வீரர்கள் பக் எனப்படும் ரப்பர் வட்டைத் துரத்திச் சிதறாமல், வலைக்கு நேரெதிரே இருக்கும் பகுதியை நெருக்கமாக அடைத்துக்கொண்டு, எதிராளிகளை ஓரங்களுக்கு ஒதுக்கினார்கள்; அவ்வளவையும் மீறி வந்த அடிகளைக் கோல்கீப்பர் லினார்ட்ஸ் ஃபெல்ட்பெர்க்ஸ் தடுத்தார். அவர் தடுத்தவை மொத்தம் 55. அந்த எண்ணை அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஏனென்றால் 2014 சோச்சி ஒலிம்பிக் காலிறுதியில் இதே கனடாவுக்கு எதிராக லாத்வியாவின் கிறிஸ்டர்ஸ் குட்லெவ்ஸ்கிஸ் தடுத்தவையும் 55தான். அன்று லாத்வியா 2-1 என்று தோற்றது. சிறிய அணிகளின் வெற்றியை அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறவர்கள், கோல்கீப்பர்களை இப்படி வழிவழியாக உருவாக்கிவரும் அந்நாட்டின் உழைப்பைக் காண மறுக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதி முடிய மூன்று நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தபோது லாத்வியா 2-2 என்று சமன் செய்தது. கூடுதல் நேரத்திலும் முடிவு கிட்டாததால், வீரர் ஒருவர் கோல்கீப்பரைத் தனியாக எதிர்கொள்ளும் ஷூட்அவுட் தொடங்கியது. கனடாவின் எட்டு முயற்சிகளையும் ஃபெல்ட்பெர்க்ஸ் முறியடிக்க, எட்டாவது சுற்றில் லாத்வியாவின் எரிக்ஸ் மடேய்கோ பக்கை வலைக்குள் செலுத்தினார். என் முன்வரிசையில் அமர்ந்திருந்த கனேடிய முதியவர் ஒருவர் எழுந்து நின்று அந்த இளைஞர்களுக்காகக் கைதட்டினார். நானும் உடன் எழுந்தேன்.

மறுநாளே அமெரிக்காவிடம் 5-1 என்று தோற்றாலும், லாத்வியா காலிறுதிக்குத் தகுதி பெற்று, அங்கே சுவீடனிடம் 3-2 என்று ஒரே கோல் வித்தியாசத்தில் வெளியேறியது. செக் அணியிடம் வீழ்ந்த கனடாவின் பயணமும் அதே காலிறுதியோடு முடிந்தது.