அறக்கொட்டியானுக்கு செட்டை நீளுற கதை

இரணைமடுக் குளத்துக்குக் கீழ எங்கட பெரியப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் வயல், போன மார்கழி அங்க போய் நிண்டனான். இரவு புட்டு சாப்பிட்டுக்கொண்டிருக்க டியூப்லைட்டைச் சுத்தின பூச்சியள் பொலபொலவெண்டு கோப்பைக்குள்ள விழுகுது, ஒண்டை விரல்ல ஒட்டி எடுத்துப் பாத்தா அரிசிக் குறுணியளவு, கபில நிறம், செட்டை கண்ணாடி மாதிரி வாலையும் தாண்டி நீட்டிக்கொண்டு நிக்குது.

"உது அறக்கொட்டியான் தம்பி, பக்கத்துக் கமத்தில இருந்து காத்தோட வந்திருக்கு" எண்டார் பெரியப்பா.

விடிய எங்கட வயலுக்குள்ள இறங்கி நெல்லை விரிச்சுப் பாத்தன். தண்ணிக்குக் கொஞ்சம் மேல, தண்டோட அப்பிச் சாறு உறிஞ்சிக்கொண்டு குஞ்சும் பெரிசுமா கிடக்குதுகள், ஆனா கனக்க குண்டுப் பூச்சி, செட்டை பாதி முதுகோட நிண்டுட்டுது. இது வேற இனமாக்கும் எண்டு நினைச்சன். இல்லை, ரெண்டும் ஒண்டுதான்.

குஞ்சில அஞ்சு தரம் தோல் கழட்டும். சாறு நல்லா இருந்து கூட்டமும் குறைவெண்டா கட்டைச் செட்டையோட அங்கயே இருந்து முட்டை போட்டுத் தள்ளும், நெருக்கம் கூடி பயிரும் முத்த வெளிக்கிட்டா நீளச் செட்டை. கடைசித் தோல் கழண்டாப் பிறகு மாத்த ஏலாது. உடம்புக்குள்ள ரெண்டு இன்சுலின் ரிசப்டர், அதாவது இன்சுலின் மாதிரிச் சாமான் கொண்டுவாற சேதியை வாங்கிற புரதம், இருக்கு (அந்தச் சாமான் சீனி வருத்தக்காரர் ஊசியால ஏத்துற இன்சுலின்ட சொந்தக்காரன்தான்), ஒண்டு செட்டையை நீட்டச் சொல்லும், மற்றது பிடிச்சு இழுக்கும், 2015இல சீனாவில கண்டுபிடிச்சவை. செட்டை சும்மா கிடைக்கிறேல்ல, நீளச் செட்டைக்காரி முட்டை போடப் பிந்துவாள், போடுறதும் குறைவு.

வெட்டுக்கிளியும் இப்பிடித்தான். பாலைவன வெட்டுக்கிளிக்குப் பின்தொடையில மற்றதுகள் முட்டுப்பட முட்டுப்பட, தனியத் திரிஞ்சது சில மணித்தியாலத்திலேயே கூட்டம் தேட வெளிக்கிடும், நிறம் மாறத்தான் கன நாள் எடுக்கும். 1921இல போரிஸ் உவாரோவ் எண்ட பூச்சி ஆராய்ச்சிக்காரர் சொல்லும்வரைக்கும் இன்னொரு வகை வெட்டுக்கிளியில தனியனையும் கூட்டத்தானையும் ரெண்டு இனமெண்டுதான் எழுதி வைச்சிருந்தவை, வயலுக்குள்ள நான் விட்ட அதே பிழை.

அண்டிரவு பெரியப்பாட்டைச் சொன்னன், நெருக்கி விதைச்சு யூரியாவையும் அள்ளிப் போட்டா எங்கட வயல்லயும் உதுகள் பெருகி, நெருக்கம் தாங்காமல் செட்டை நீண்டு பறக்கும் எண்டு. மனுசன் கொஞ்ச நேரம் லைட்டையே பாத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பக்கத்துக் கமக்காரனும் இப்ப என்னைத்தான் திட்டிக்கொண்டு சாப்பிடுவான்" எண்டுட்டு எழும்பிப்போய் லைட்டை நூத்தார்.