ஓட்டம் குறைந்தால் கதிர் இல்லை

டெக்சஸில் சான் மார்கோஸ் ஆற்றில் நீர்த்தாவர மீட்புப் பணியில் இருந்தபோது, எங்கள் குழு அதிகம் பாடுபட்டது டெக்சஸ் காட்டுநெல்லுக்காகத்தான். உலகத்திலேயே அந்த ஆற்றின் மேற்பகுதியில், சில கிலோமீட்டருக்குள் மட்டும்தான் இது இயற்கையாக வளர்கிறது. 1930களில் பாசன வாய்க்கால்களை அடைத்துத் தொல்லை கொடுத்த செடி, 1978இல் அமெரிக்க அரசின் அழிவாபத்துப் பட்டியலில் ஏறிவிட்டது.

நாம் பயிரிடும் நெல்லுக்குத் தூரத்து உறவு. இலைகள் பச்சை நாடாக்களாக நீருக்கடியில் ஓட்டத்தோடு நீண்டு கிடக்கும். பூக்கும்போது கதிர்த்தண்டு மட்டும் தண்ணீருக்கு மேலே வரும். மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோக வேண்டும்.

சிக்கலே அங்கேதான். ஆற்றின் மேற்பகுதியில் ஒடிந்த களைகள் திட்டாக மிதந்து வந்து செடிமேல் தங்கிவிடும். விலக்கிப் பார்த்தால், வெயில் படாமல் இலைகள் வெளுத்திருக்கும், கதிர் மடங்கித் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். களையை அவசரப்பட்டு இழுத்தால் கதிரும் கையோடு வந்துவிடும். அதனால் அடியில் கைவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி ஓட்டத்தில் விடுவோம். மறுபடியும் வந்து சேரும், மறுபடியும் எடுப்போம்.

ஹைட்ரில்லா போன்ற அந்நியக் களைகளும் இடத்தைப் பிடிக்கின்றன. கோடையில் ரப்பர் வளையங்களில் மிதந்து வருபவர்கள் ஆழமில்லாத இடத்தில் இறங்கி நடந்தால், காட்டுநெல் வேரோடு பெயர்ந்துவிடும். 2012 முதல், ஊற்று நீர் நொடிக்கு 120 கனஅடிக்குக் கீழே போனால் சில பகுதிகளைக் கயிறு கட்டி மூடலாம் என்று விதி இருக்கிறது. மிதந்து வருபவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததுண்டு. ஆனால் பெரிய ஆபத்து அவர்கள் அல்ல, நிலத்தடியில் இருக்கிறது.

இந்த ஆறு எட்வர்ட்ஸ் நிலத்தடி நீரடுக்கின் ஊற்றிலிருந்து பிறக்கிறது. சான் அன்டோனியோ நகரமும் அதிலிருந்துதான் உறிஞ்சுகிறது. நீர் குறைந்தால் செடி வறண்டு போவது மட்டும் பிரச்சினையில்லை. இது நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை நம்பி வாழும் செடி. ஓட்டம் மந்தமானால் அந்த வரத்தும் குறையும், மிதக்கும் களைகளும் நகராமல் நிற்கும். 1991இல் ஊற்றுகளில் வாழும் உயிரினங்களுக்காகத் தொடுத்த வழக்குதான், வரைமுறையில்லாமல் நீர் இறைத்ததற்குக் கடிவாளம் போட வழிவகுத்தது. 1993இல் டெக்சஸ் சட்டமன்றம் அதற்கென ஒரு ஆணையத்தை அமைத்தது. எங்கள் கைவேலையைவிட அந்தச் சட்டம் செடிக்கு அதிகம் செய்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, விதையைச் சேமித்து வைத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்பார்கள். இதன் விதை காய்ந்தால் முளைக்காது. அதனால் நம் நெல்லைப் போல உலர்த்தி மூட்டை கட்ட முடியாது. ஈரத்திலேயே வைக்க வேண்டும். அதனால் ஓடும் நீர்த்தொட்டிகளில் உயிருள்ள செடிகளாகவே வளர்க்கிறார்கள். அங்கே செழிப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஊற்று ஒரு நீண்ட வறட்சியில் நின்றுபோனால், அவற்றைத் திரும்ப நடுவதற்கு வேறு ஆறு கிடையாது.